நரைத்த தலையும் பனிச் சிகரமும்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் வரலாற்றுக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். "மலைக்கோட்டை எழுதியாச்சு, கல்லணை எழுதியாச்சு, ராணி மங்கம்மாள் எழுதியாச்சு. இந்தத் தடவை புதுசா ஏதாவது கொடுங்க சார்" என்றார் செயலாளர். புதிதாக என்றால் எதை எழுதுவது? சென்ற சந்திப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி வாசல் வேப்பமரத்தடியில் நடந்த வாக்குவாதம்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் 1974ஆம் ஆண்டு அணியில் ஐந்து பேர் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் எழுபதைத் தொட்டவர்கள். ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. "இப்போ போகாட்டி அப்புறம் எப்போடா போறது?" என்று ஒரு கட்சி. "பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் தேவையா? அங்கே விழுந்தா தூக்கிட்டு வர ஆள் யாரு?" என்று மறு கட்சி. குரல் உயர்ந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். காபி வந்ததும் பேச்சு கலைந்தது. முடிவு ஒன்றும் ஏற்படவில்லை.

முப்பத்தைந்து வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையில், எந்த வாதத்திலும் "முன்னால் போனவர்கள் என்ன செய்தார்கள்?" என்று பார்ப்பது என் பழக்கம். நரைத்த தலையோடு உலகத்தின் மிக உயர்ந்த மலைகளில் ஏறியவர்களின் கதையைத் தேடிப் படித்தேன். அந்தக் கதை நம் காவிரிக் கரையையும் இரண்டு மூன்று இடங்களில் தொட்டுக்கொண்டு போகிறது.

முதல் முதியவர்

வயதான காலத்தில் இமயம் நோக்கி நடந்தவர் என்றால் தமிழனுக்கு முதலில் நினைவு வரவேண்டியவர் திருநாவுக்கரசர்தான். ஏழாம் நூற்றாண்டுக்காரர். நம் மலைக்கோட்டையின் மேல் குடைவரையைக் குடைந்த மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவர். அவர் கயிலைக்குப் புறப்பட்டது முதிர்ந்த வயதில். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்வதைப் படித்தால் இன்றைய மலையேற்றக்காரர்களுக்கும் உடம்பு சிலிர்க்கும். காசிக்கு அப்பால் துணைக்கு வந்தவர்களை விட்டுவிட்டுத் தனியாக நடந்தார். பாதம் தேய்ந்தது, கையை ஊன்றிப் போனார். கையும் தேய்ந்தது; மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாமல் புரண்டு போனார். முனிவர் உருவில் எதிரே வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்கிறார். அப்பர் மறுக்கிறார். கடைசியில் அங்கிருந்த ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்ல, மூழ்கிய அப்பர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது.

திருவையாறு நமக்குப் பஸ்ஸில் போய் வரும் தூரம். வருடா வருடம் தியாகராஜ ஆராதனைக்குப் போகிறோம். அங்கே ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழாவும் நடக்கிறது. ஊர்ந்தாவது ஏறியே தீருவேன் என்ற பிடிவாதம், ஏறாமலே காட்சி கிடைத்த நிறைவு, இந்த இரண்டும் ஒரே கதையில் இருப்பதைக் கவனியுங்கள். வேப்பமரத்தடியில் சண்டை போட்ட இரண்டு கட்சிக்கும் அப்பர் கதையில் இடம் இருக்கிறது.

பரங்கிமலையில் தொடங்கிய அளவை

எவரெஸ்ட் என்ற சிகரம் உலகிலேயே உயர்ந்தது என்று கண்டுபிடித்த வேலை தொடங்கியது தமிழ்நாட்டில்தான். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் என்ற வெள்ளைக்காரப் பட்டாள அதிகாரி ஒரு அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் நீளம். அதுதான் பின்னாளில் 'மாபெரும் முக்கோண அளவை' என்று பெயர் பெற்றது. அப்போது அவருக்கு ஏறக்குறைய ஐம்பது வயது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஐம்பதைக் காண்பதே அரிது.

அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. மலை இருக்கும் இடத்தில் மலை மேல் தூக்கி வைத்து அளக்கலாம். காவிரிப் படுகைக்கு வந்தபோது சிக்கல். எங்கு பார்த்தாலும் சமவெளி, தென்னந்தோப்பு. கோபுரம்தான் கதி. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கோயில் சுவரில் மோதி நசுங்கிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைத் தொழிலாளிகள் தவிர யாருக்கும் அனுமதி இல்லை. ஆப்பும் திருகாணியும் கப்பியும் வைத்து, நெளிந்த வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய உருவுக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனது. பிறகு மீண்டும் அளக்கக் கிளம்பினார். 1823 ஜனவரியில், எழுபதை நெருங்கிய வயதில், மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்ற இடத்தில், வேலைக்கு நடுவிலேயே உயிர் துறந்தார்.

அந்த அளவைக் கோடுதான் வடக்கே நீண்டு இமயத்தின் அடிவாரம் போய்ச் சேர்ந்தது. 1852இல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணித வல்லுநர் போட்ட கணக்கில் பதினைந்தாம் எண் சிகரம் எல்லாவற்றையும் மிஞ்சி நின்றது. 1856இல் அறிவித்தபோது உயரம் 29,002 அடி. 1865இல் முன்னாள் தலைமை அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர் நிலைத்தது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். நமக்குப் புரியும்படி சொன்னால், 83 மீட்டர் உயரமுள்ள நம் மலைக்கோட்டைப் பாறையைக் கடல் மட்டத்திலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் 107 பாறை வேண்டும். 236 அடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் என்றால் 123.

ராஜகோபுரம் என்றதும் இன்னொன்று. நாம் படித்த காலத்தில் அது மொட்டைக் கோபுரம். நூற்றாண்டுக் கணக்கில் அடித்தளத்தோடு நின்று போன கட்டடம். அதைப் பதின்மூன்று நிலைகளாக எழுப்பி 1987 மார்ச்சில் குடமுழுக்குச் செய்து வைத்தவர் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர். அவரும் தள்ளாத வயதில்தான் அந்த வேலையைக் கையில் எடுத்தார். உயரத்தை எட்டுவதற்கு வயது தடையில்லை என்று காட்ட நாம் நேபாளம் வரை போக வேண்டியதே இல்லை. இருந்தாலும் போவோம்.

நாற்பதிலிருந்து எண்பது வரை

1953 மே 29ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்ற இருவரில் ஹிலாரிக்கு வயது 33, டென்சிங்குக்கு 39. டென்சிங் 1935இலிருந்து ஆறு முறை போய், ஆறு முறையும் உச்சியைக் காணாமல் திரும்பியவர். ஏழாவது தடவை கிடைத்தது.

1965இல் கேப்டன் எம்.எஸ். கோலி தலைமையில் போன இந்தியக் குழு ஒன்பது பேரை உச்சியில் நிறுத்தியது. மே 22ஆம் தேதி ஏறிய இருவருக்கும் ஒரே முதல் பெயர்: சோனம் கியாட்சோ, சோனம் வாங்கியால். கியாட்சோவுக்கு 42 வயது, வாங்கியாலுக்கு 23. அதுவரை எவரெஸ்ட் ஏறியவர்களிலேயே மூத்தவரும் இளையவரும் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினார்கள் என்று பெருமையாகப் பேசப்பட்டது. நாற்பத்திரண்டு வயதை 'மூத்தவர்' என்று சொன்ன காலம் அது!

இருபது வருடம் கழித்து அந்தக் கணக்கெல்லாம் புரண்டது. 1985 ஏப்ரல் 21 அன்று பிரிட்டனின் புகழ்பெற்ற மலையேற்ற வீரர் கிறிஸ் பானிங்டன் 50ஆவது வயதில் உச்சியைத் தொட்டார். மூத்தவர் என்ற பெயர் அவரிடம் இருந்தது ஒன்பதே நாள். ஏப்ரல் 30 அன்று டிக் பாஸ் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் 55 வயதில் ஏறிவிட்டார். பானிங்டன் வாழ்க்கை முழுவதும் மலையில் கழித்தவர். பாஸ் நடுவயதில் இதற்குள் வந்தவர். ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்ட முதல் மனிதரும் அவர்தான். 'நம்மாலும் முடியும்' என்ற எண்ணம் சாதாரண நடுவயதுக்காரர்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். வழிகாட்டிகளுக்குப் பணம் கட்டிப் போகும் வியாபாரமும் அதன் பின்னால்தான் பெருகியது.

ஜப்பானின் யூயிச்சிரோ மியூரா 1970இல் எவரெஸ்ட் சரிவில் பனிச்சறுக்கிக் கீழே இறங்கிப் புகழ் பெற்றவர். 70 வயதில், 2003இல், உச்சி ஏறினார். 2008இல் 75 வயதில் மறுபடி. அதற்குள் இதயத்துடிப்புக் கோளாறுக்குச் சிகிச்சை. அப்புறம் பனிச்சறுக்கில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 2013 ஜனவரியில் மறுபடி இதயச் சிகிச்சை. அந்த மே மாதம் 23ஆம் தேதி, 80 வயதில், மூன்றாம் முறை உச்சி! இறங்கும்போது உடம்பு தளர்ந்து, கடைசிப் பகுதியை ஹெலிகாப்டரில் வந்தார்.

அவர் நாட்டுப் பெண்மணி தமாயே வதனாபே 2002இல் 63 வயதில் ஏறினார். பிறகு விழுந்து முதுகில் அடிபட்டு, மலையையே விட்டுவிட வேண்டியதுதான் என்று ஆனது. பத்து வருடம் கழித்து, 2012இல், 73 வயதில் திபெத் பக்கமாக மறுபடி ஏறித் தன் சாதனையைத் தானே உடைத்தார்.

ஸ்பெயின் நாட்டு கார்லோஸ் சோரியா கதை எனக்கு மிகவும் பிடித்தது. பணக்காரர் அல்ல, நாற்காலி, சோபாவுக்கு மெத்தை தைக்கும் தொழிலாளி. 1939இல் பிறந்தவர். உலகில் 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் பதினான்கு. அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் தொட்டது அறுபது வயதுக்குப் பிறகு. எவரெஸ்ட் 62இல், கே2 65இல், கஞ்சன்ஜங்கா 75இல், அன்னபூர்ணா 77இல். தவுளகிரி மட்டும் வழிவிடவில்லை. பத்துத் தடவைக்கு மேல் போனார், திரும்பினார். 2023இல் 84 வயதில் அங்கே கால் முறிந்து, மற்றவர்கள் பெரும்பாடுபட்டு இறக்கினார்கள். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2025 செப்டம்பரில் 86 வயதில் மனாஸ்லு சிகரத்தில் நின்றார் மனிதர்.

தாத்தோபானியில் பிறந்தவர்

தவுளகிரி என்றதும் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஓர் இடம் நினைவுக்கு வரும். 108 திவ்ய தேசங்களில் முதலாவது நம் ஸ்ரீரங்கம். இமயத்துக்குள் இருப்பவற்றில் ஒன்று சாளக்கிராமம் என்ற முக்திநாத். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். அங்கே போகும் வழி காளி கண்டகிப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவுளகிரி, மறு பக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா. சாளக்கிராமக் கற்கள் கிடைப்பது அந்த ஆற்றில்தான்.

அந்தப் பாதையில் தாத்தோபானி என்று ஓர் ஊர். வெந்நீர் ஊற்று உள்ள இடம். 1931இல் அங்கே பிறந்தவர் மின் பகதூர் ஷேர்சன். பட்டாளத்தில் இருந்தவர். 1960இல் சுவிஸ் குழு தவுளகிரி ஏறியபோது நேபாள அரசின் தொடர்பு அதிகாரியாகக் கூடப் போனார். மலை ஆசை அப்போது பிடித்தது. உச்சி கிடைக்க நாற்பத்தெட்டு வருடம் ஆனது. 2008 மே 25ஆம் தேதி, 76 வயதில், எவரெஸ்ட் ஏறினார். மறுநாள் 75 வயது மியூரா ஏறினார். ஒரு நாள் வித்தியாசத்தில் முதலிடம் நேபாளத்துக்காரருக்கு!

2013இல் 80 வயது மியூரா அதைத் தட்டிக்கொண்டு போனார். ஷேர்சனுக்கு மனம் ஆறவில்லை. அதே ஆண்டு 81 வயதில் போய் ஏற முடியாமல் திரும்பினார். 2015இல் போனார், நேபாள நிலநடுக்கம் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2017இல் மறுபடி. மே 6ஆம் தேதி அடிவார முகாமிலேயே, 85 வயதில், உயிர் பிரிந்தது. சாதனை மீளவில்லை.

இதைத் தோல்வி என்பதா, நல்ல சாவு என்பதா? வகுப்பில் இந்த மாதிரிக் கேள்வி கேட்டால் பையன்கள் இரண்டு பக்கமும் பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: 76 வயதில் ஏறியவர் மலையைப் பார்த்து ஏறினார். 85 வயதில் போனவர் இன்னொருவருடைய எண்ணைப் பார்த்துப் போனார். மலை அதே மலைதான்.

நம்மவர்கள்

நம் நாட்டுப் பெண்களைப் பாருங்கள். ஜாம்ஷெட்பூர் பிரேமலதா அகர்வால் முப்பத்தாறு வயது வரை குடும்பத் தலைவி. மகள்களோடு ஒரு மலையேற்றப் போட்டிக்குப் போனவர், பச்சேந்திரி பாலிடம் பயிற்சி பெற்று, 2011 மே 20 அன்று 48 வயதில் எவரெஸ்ட் ஏறினார். இரண்டு ஆண்டுகளில் ஏழு கண்டச் சிகரங்களையும் முடித்தார். அவர் வைத்த வயதுச் சாதனையை 2018இல் 53 வயது சங்கீதா பெஹல் முந்தினார்; 2024இல் 55 வயது ஜோதி ராத்ரே அதையும் முந்தினார்.

தமிழர்களில், மலேசியாவின் முதல் எவரெஸ்ட் வீரர்களே தமிழர்கள்தான்: எம். மகேந்திரன், என். மோகனதாஸ், 1997 மே 23. தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் உச்சியில் நிற்க அதற்கப்புறம் சரியாக இருபத்தாறு வருடம் ஆனது. 2023 மே 23 அன்று விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி ஏறினார். இரண்டு குழந்தைகளின் தாய். வயது முதிர்ந்த தமிழர் யாரும் இந்தப் பட்டியலில் இன்னும் பெரிதாகப் பேசப்படவில்லை. இடம் காலியாகத்தான் இருக்கிறது!

இன்னொரு பெயரையும் சொல்லாவிட்டால் கட்டுரை நியாயமாகாது. காமி ரீட்டா ஷெர்பா 2025 மே மாதம் 31ஆவது முறையாக எவரெஸ்ட் ஏறினார். வயது 55. அவருக்கு அது உத்தியோகம். மேலே சொன்ன சாதனைகள் எல்லாவற்றிலும் கயிறு கட்டியவர்கள், கூடாரம் போட்டவர்கள், பிராணவாயு உருளை சுமந்தவர்கள் ஷெர்பாக்கள். எண்பது வயது முதியவர் மேலே தளர்ந்தால் உயிரைக் கொடுத்து இறக்க வேண்டியவர் முப்பது வயது ஷெர்பா. அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. "தூக்கிட்டு வர ஆள் யாரு?" என்று நம் நண்பர் கேட்டது வெறும் கேலி அல்ல.

உடம்பு சொல்லும் கணக்கு

உச்சியில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். பிராணவாயுவும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். முக்திநாத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பும், உடம்பு பிராணவாயுவை உபயோகிக்கும் திறனும் குறைகின்றன. 1990 முதல் 2005 வரை எவரெஸ்ட் போனவர்களை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நாற்பதுக்கு மேல் உச்சி எட்டும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது, அறுபதுக்கு மேல் சாவின் அபாயம் கூடுகிறது என்று காட்டியது. அதிலும் உச்சி தொட்டு இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று வரும் மலை நோய் முதியவர்களுக்கு இளைஞர்களைவிட அதிகமாக வருவதில்லை. அது வயதைப் பார்ப்பதில்லை, வேகத்தைத்தான் பார்க்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போனால், நேற்று தூங்கிய உயரத்தைவிட இன்று 500 மீட்டருக்கு மேல் கூடாமல் தூங்க வேண்டும். மூன்று நாலு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. அறிகுறி வந்தால் ஏறக்கூடாது. முற்றினால் கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. கயிலை யாத்திரைக்கு நம் அரசாங்கம் 70 வயது வரை என்று வரம்பு வைத்து, ஏறுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையும் செய்கிறது. முக்திநாத்துக்கு அப்படி யாரும் பரிசோதிப்பதில்லை.

முக்திநாத்தில் கண்டது

2018 அக்டோபரில் ஸ்ரீரங்கத்திலிருந்து முப்பது பேர் முக்திநாத் போனோம். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். அழைத்துப் போனவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர், சமையல் அருமை, ஆனால் நாள் குறைத்தால் செலவு குறையும் என்று திட்டம் போட்டிருந்தார். காலையில் போக்ராவில் 820 மீட்டரில் காபி. சின்ன விமானத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர். உடனே ஜீப். பகல் பதினொரு மணிக்கு 3,800 மீட்டரில், 108 கோமுகங்களிலிருந்து கொட்டும் பனித் தண்ணீரில் வரிசையாகத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சட்டப்படி நாலைந்து நாளில் ஏற வேண்டிய உயரம்!

மேல உத்தர வீதி மாமி ஒருவர் கடைசி தாரைக்கு அருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம். உள்ளூர்ப் பையன்கள் இருவர், பேச்சு ஒன்றும் இல்லாமல், முதுகில் சுமந்து படி இறக்கி ஜீப்பில் போட்டு ஜோம்சோம் கொண்டுபோனார்கள். சாயங்காலம் மாமி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். உயரம் குறைந்ததுதான் வைத்தியம்.

என் நினைவில் நிற்பது இன்னொருவர். எங்கள் கல்லூரித் தோழர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பூமியில் உள்ள 106 திவ்ய தேசங்களில் 105ஐ முப்பது வருடத்தில் சேவித்து முடித்தவர். இது ஒன்றுதான் பாக்கி. ஜீப் நிற்கும் இடத்தில் இறங்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டார், நடை தள்ளாடியது. சந்நிதி கூப்பிடு தூரம், கொஞ்சம் ஏற்றம், அவ்வளவுதான். குதிரை இருந்தது, டோலி இருந்தது. எல்லோரும் "இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று இழுத்தார்கள். அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இறங்கிடறேன்டா. நீ சேவிச்சுட்டு வா. எனக்கும் சேர்த்துத் தலையில ரெண்டு சொட்டு தெளிச்சுக்கோ" என்றார். மனைவியையும் அழைத்துக்கொண்டு அடுத்த ஜீப்பில் கீழே போய்விட்டார்.

இன்றுவரை அவர் திரும்பப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தாயார் சந்நிதியில் யாராவது "எத்தனை ஆச்சு ஸ்வாமி?" என்று கேட்டால், "நூத்தி அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த நூற்றைந்தில் எனக்குத் தெரியும் பெருமை, நான் சேவித்து வந்த முக்திநாத்தில் தெரியவில்லை. மியூராவும் 2019இல், 86 வயதில், தென் அமெரிக்காவின் அகோன்காகுவா மலையில் 6,000 மீட்டர் உயரத்தில் டாக்டர் வேண்டாம் என்றதும் திரும்பினார். மகன் மட்டும் உச்சிக்குப் போனார். எண்பதில் ஏறியதைவிட அந்தத் திரும்பல் கடினமாக இருந்திருக்கும். அப்பருக்குக் கயிலை திருவையாற்றில் கிடைத்தது என்று சேக்கிழார் பாடியதும் இதற்காகத்தானோ என்னவோ.

வேப்பமரத்தடிக்கு ஒரு பதில்

ஆக, போகலாமா கூடாதா? இத்தனை கதைகளையும் வைத்து நான் கண்டது இது.

ஏறியவர்கள் யாரும் திடீரென்று ஏறவில்லை. ஷேர்சன் நாற்பத்தெட்டு வருடம் காத்திருந்தார். பிரேமலதா பத்து வருடத்துக்கு மேல் பயிற்சி செய்தார். அடிவார முகாம் 5,364 மீட்டர். முக்திநாத்தைவிட ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உயரம். ஒரு வருடம் மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளை வாரம் நாலு நாள் ஏறி இறங்குங்கள். அது பழகினால் குளித்தலை ஐயர்மலையின் 1,017 படி. அதற்கப்புறம் கொல்லிமலை. இதயத்தைப் பற்றி நண்பர்களிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். நாள் குறைத்துப் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். சுமை தூக்கும் பையனுக்கு நல்ல கூலியும் காப்பீடும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யாராவது ஒருவர் "இறங்கணும்" என்றால் மற்றவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் கிடைத்த சேதி: ஐந்து பேர் இப்போது மூன்று பேர். ஸ்டென்ட் வைத்தவருக்கு டாக்டர் தலையாட்டவில்லை. இன்னொருவர் அவருக்குத் துணையாக இங்கேயே நின்றுவிட்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்தான், வேடிக்கையைப் பாருங்கள், போகிற மூவரில் ஒருவர்! அவர்கள் தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாணிக்க விநாயகர் சந்நிதி முன் கூடிப் படி ஏறுகிறார்கள். சந்திப்புக்கு முதல் நாளே திருச்சி வந்து தங்கும் நண்பர்கள் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். ஸ்டென்ட் நண்பர் கீழே பூக்கடை ஓரம் உட்கார்ந்திருப்பார். செருப்பையும் கைப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டு ஏறலாம்.

எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல முழங்காலும் கிடைக்க உச்சிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.